ஜெயித்த ஆட்டத்தைத் திருப்பிப் போடுவது

இன்று காலை கைப்பையை உதறியபோது, நேற்றுக் கிழித்த கார்டு பாக்கெட்டின் உறை ஒன்று கீழே விழுந்தது. பளபளக்கிற காகிதம். பாப்பா அதை எடுத்து வாயில் வைக்கப் போனாள். பிடுங்கி மோந்து பார்த்தேன். அச்சு மையும் பசையும் கலந்த வாசனை. "புது வருசப் பாடப் புத்தகம்" என்று அதற்கு நீ ஒரு பேர் வைத்திருந்தாயே. இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். இப்போதுதான் கை வந்தது. பாப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள்.

நேற்று நம்ம திண்டுக்கல் போட்டிக்குக் கார்டு ஆடப் போயிருந்தேன். நீ போன பிறகு முதல் தடவை. ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே நாம் ஆடின ரூம் இப்போது போதவில்லையாம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஜெயிக்கிற ஒருத்தருக்குச் சென்னைப் போட்டியில் இடம். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது அந்த மேசையில உக்காந்துரணும்டி" என்று காலேஜ் கடைசி வருசம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதே இடம்.

உன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, மோதிக்கொள்கிற மிருகங்கள் அச்சடித்த கார்டுகளை வைத்து, கெமிஸ்ட்ரி லேபுக்கு வெளியே படிக்கட்டில்தான் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாய். பேகம்பூரில் உன் அத்தாவுக்குத் தோல் கடை. தாடிக்கொம்பில் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். இரண்டு வீட்டிலும் கார்டு என்றால் சூதாட்டம்தான். நீ உன் அத்தாவை உட்கார வைத்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினாய். "இம்புட்டுக் கணக்கு இருக்கா இதுல? அப்பப் பரீட்சையில மட்டும் ஏம்மா கோட்டை விடுற?" என்று கேட்டாரே!

நமக்குப் பிடித்தது பிரிக்காத பாக்கெட் ஆட்டம். வீட்டிலிருந்து எந்தக் கார்டும் கொண்டுவரக் கூடாது. ஆளுக்கு ஆறு பாக்கெட் தருவார்கள். அங்கேயே கிழித்து, வந்ததில் பொறுக்கி ஆடுகிற கட்டை, அதாவது டெக்கை, சேர்த்து ஆட வேண்டும். என் முதல் போட்டியில், வந்த நல்ல கார்டு எதையும் விட மனசில்லாமல் ஐந்து நிறத்தையும் உள்ளே திணித்தேன். ஒரு நிறத்துக் கார்டை இறக்க அதே நிறத்துச் சக்திக் கார்டு வேண்டும். எனக்குக் கையில் இருந்த கார்டு ஒரு நிறம், மேசையில் போட்ட சக்தி வேறு நிறம். ஒன்றைக்கூட இறக்காமல் தோற்றேன். "ஒரு நாள் தங்கப் போறதுக்கு பீரோவையே தூக்கிட்டு வந்திருக்கியேடி" என்றாய். அடுத்து நீ ஆடினாய். காவலுக்கு ஒரு மிருகத்தைக்கூட நிறுத்தாமல் எல்லாவற்றையும் தாக்க அனுப்பிவிட்டு, திரும்பி வந்த அடியில் விழுந்தாய். "மூளையை வெஞ்சனத்துல போட்டு வதக்கிட்டேன் போல!" என்று ரூமே கேட்கிற மாதிரி கத்தினாய். தன் தப்பைச் சத்தமாகச் சொன்ன ஒரே ஆள் அங்கே நீதான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் "திருப்பிப் போடு". உன்னை ஜெயித்துவிட்டு எழுந்த பையனை மறுபடி உட்கார வைத்து, கடைசிச் சுற்றுகளைத் திரும்பவும் மேசையில் பரப்பச் சொன்னாய். யார் எங்கே எதை விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். "அக்கா, நான்தான் ஜெயிச்சிட்டேனே, எனக்கு எதுக்கு?" என்று முனகினான் அவன். "அதான் அப்பு, உன்கிட்டதான் நெறையக் கெடக்கும். ஜெயிச்சவன் தேட மாட்டான்ல?" என்றாய்.

என்னிடம் நீ பிடித்தது ஒரே தப்பைத்தான், திரும்பத் திரும்ப. எதிராளியின் மிருகத்தை அழிக்கிற கார்டு கையில் இருக்கும். இறக்க மாட்டேன். இதைவிடப் பெருசாக ஒன்று பின்னால் வந்தால்? அடி வாங்கி அடி வாங்கி, அந்தக் கார்டு கையில் இருக்கும்போதே தோற்பேன். "வராத விருந்தாளிக்குச் சோத்தை மூடி வெச்சிட்டு நீ பட்டினி கெடக்குற" என்பாய்.

மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கார்டு கொண்டுவரச் சொன்னாய். நான் மாசமாக இருந்தேன். கட்டிலோரம் வயிறு இடிக்க உட்கார்ந்து ஆடினேன். ஒரு ஆட்டத்தில், தடுக்க வேண்டிய அடியைத் தடுக்காமல் விட்டேன். நீ ஜெயித்தாய். ஊசி குத்தியிருந்த கையாலேயே கார்டுகளைத் திருப்பிப் போட்டாய்.

"இந்தத் தப்பு உன்னுது இல்லையேடி. உன் தப்பு எனக்குத் தெரியாதா? ஒழுங்கா ஆடு, இல்லன்னா எந்திரிச்சுப் போ."

அடுத்த ஆட்டத்தில் உன்னை ஒரு வழி பண்ணினேன். நீ சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். நாம் சேர்ந்து ஆடின கடைசி ஆட்டம் அது. நல்ல ஆட்டம்.

நேற்றைக்கு வருகிறேன். பாப்பாவுக்கு இருமல். அவள் ஒரு தும்மல் போட்டால் எனக்கு நாலு வியாதி ஞாபகம் வரும். வீட்டுக்காரர்தான் தள்ளி அனுப்பினார். "மருந்து எங்க இருக்கு, தெர்மாமீட்டர் எங்க இருக்கு, அந்த ரெண்டாவது தெர்மாமீட்டர் எங்க இருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். கெளம்பு."

போட்டியின் கடைசிச் சுற்று வரைக்கும் தோற்காமல் வந்துவிட்டேன். எதிரில் நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருத்தர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர். "ஏனுங்க, கொழந்தை ஊட்லீங்களா? பையையே பாக்கறீங்க. போன் பண்ணிப் பேசிட்டு வாங்க, நான் இருக்கறனுங்க" என்றார். பேசினேன். "ரசஞ்சோறு தின்னுட்டுத் தூங்குறா. நீ போனை வையி" என்று பதில் வந்தது. போனை வைத்தேன். பயத்தை வைக்க முடியவில்லை.

ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் நின்றோம். என்னிடம் இரண்டு பருந்துகள், இன்னும் ஒரு அடியில் அவர் காலி. அவர் ஒரு சிலந்தியை இறக்கினார். அது நிற்கும்வரை பருந்துகள் பறந்துபோய் அடிக்க முடியாது. அதை அழிக்கிற கார்டு என் கையிலேயே இருந்தது. நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். வைத்துக்கொண்டேன். அவருடைய மற்ற மிருகங்கள் இரண்டு சுற்று முட்டி முட்டி, இருபதில் இருந்த என் உயிரை இரண்டுக்குக் கொண்டுவந்தன. அப்போது உன் குரல் கேட்டது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். ஒன்றும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் போட்டேன். சிலந்தி போனது, பருந்துகள் பறந்தன. ஒரே அடி, அவ்வளவுதான்.

என் பேரைச் சொன்னார்கள், கை தட்டினார்கள். கார்டை வாரிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட எழுந்தேன்.

"எங்கீங்க போறீங்க? திருப்பிப் போட வேண்டாமுங்களா?" என்றார் அவர்.

அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"திண்டுக்கல் மேசையில அதானுங்களே பழக்கம். தோல் கடைக்காரர் பொண்ணு ஒருத்தங்க ஆரம்பிச்சு வெச்சாங்களாமா. நான் பாத்ததில்லீங்க."

சுற்றிப் பார்த்தேன். எல்லா மேசையிலும் ஆட்டம் முடிந்திருந்தது, ஒருத்தரும் எழவில்லை. தலைகள் குனிந்திருந்தன. "அங்கதான்டா விட்ட!" என்று ஒரு குரல், "சரி சரி, அடுத்து உன்னுதப் பாப்போம்" என்று இன்னொன்று. உன்னைப் பார்த்தேயிராத ஆட்கள். எனக்கு ஏற்பட்ட பெருமையை என்னவென்று சொல்ல! "நான் பாத்திருக்கேங்க" என்றேன். உட்கார்ந்தேன்.

கார்டுகளைப் பரப்பினோம். "இது எப்பங்க கைக்கு வந்துச்சு?" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "சிலந்தி வந்தப்பவே கையில இருந்துச்சுங்களா? அப்பவே போட்டிருந்தா ஒரு கீறல் இல்லாம முடிச்சிருப்பீங்களே!" இதைவிடப் பெருசாக ஒன்று வருமோ என்று வைத்திருந்ததைச் சொன்னேன். பிறகு அவர் பக்கத்தைப் பார்த்தோம். என்னை இரண்டுக்குக் கொண்டுவந்த அந்தச் சுற்றில் சிலந்தியையும் தாக்க அனுப்பியிருந்தால் நான் காலி. பருந்துக்குப் பயந்து அதைக் காவலுக்கே நிறுத்திவிட்டார். "நீங்க வராததுக்குப் பயந்தீங்க, நான் வந்ததுக்குப் பயந்தனுங்க" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வீட்டுக்குள் நுழையும்போதே, "ஜெயிச்சியா?" என்றார் வீட்டுக்காரர். "ஜெயிச்சேன். ஆனா ரெண்டு சுத்து லேட்டு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சென்னைக்கு உன் போட்டோவை எடுத்துப் போகச் சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த ரெண்டு சுற்றுத் தாமதம் போதும், அதைத்தான் கொண்டுபோகிறேன். அங்கே பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வருவார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும், யார் ஜெயித்திருந்தாலும், எதிரில் இருப்பவர் கார்டை வாரிக்கொண்டு எழுந்தால் கையைக் காட்டி உட்காரச் சொல்வேன்.

"திண்டுக்கல்ல இப்படி எந்திரிக்க மாட்டோம்ங்க" என்பேன்.