திரையில் வரைந்த கடைகள்

அன்பு மகள் யெசேனியாவுக்கு,

நீயும் பேத்தியும் மிலானில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், இங்கே நான் கல்லு மாதிரி இருக்கிறேன், உன் அப்பாவுக்குத்தான் இந்தக் குளிரில் முழங்கால் வலி கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "எதுக்கும்மா வம்பு, மன்னிப்புக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு சூப் கடையப் பாரு" என்று சொன்னாய். போனில் பதில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். போட மாட்டேன். ஏன் என்று கேட்டுக்கொள்.

சந்தையை இடித்துவிட்டு அதே இடத்தில் புதுக் கட்டடம் கட்டப்போகிறோம், எல்லோருக்கும் இடம் உண்டு என்று நகராட்சி சொன்னதே, அதற்கான முதல் கூட்டத்தில் நாங்களே எங்கள் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டோம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், சுவர் நிறையத் தாள் ஒட்டாவிட்டால் அது கூட்டமே இல்லை. சந்தைக் கடைக்காரர் சங்கத் தலைவி நிக்கோலாசா பெரிய பெரிய தாள்களில் எங்கள் நியாயத்தையெல்லாம் எறும்பு எழுத்தில் எழுதி, எடுத்த எடுப்பிலேயே அத்தனையையும் ஒட்டிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வாசித்தாள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா, போனில் படம் பிடித்துக்கொண்டு, வீட்டில் போய்ப் படிக்கலாம் என்று நழுவிவிட்டார்கள். இந்தக் கட்டடம் வேண்டாம் என்று கை தூக்கச் சொன்னபோது தூக்க ஆளில்லை.

கடைசிக் கூட்டம் விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. இந்த முறை நான் பேச வேண்டும் என்று முடிவாயிற்று. திரையில் காட்டச் சொல்லி நீ ராத்திரி கண்விழித்துக் கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய படங்களை நான் போடவில்லை, கோபப்பட்டால் பட்டுக்கொள். எழுத்து பறந்து பறந்து வந்தால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள், என் முகத்தை யார் பார்ப்பார்கள்? முதலில் இன்ஜினியர் சால்திவார் வெள்ளைத் திரையில் ஒரு படம் போட்டார். கண்ணாடிக் கட்டடம், வரிசையாக மரம், நெட்டை நெட்டையாக வெள்ளைக்கார ஆட்கள், கையில் நாய். "அம்மாடி, என்னமா மினுங்குது" என்று நிக்கோலாசாவே வாயைப் பிளந்தாள். என் முறை வந்ததும் அவர் படத்தை அணைக்கப் போனார். "இருக்கட்டும் இன்ஜினியர், எனக்கு உங்க படமே போதும்" என்றேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இதுல என் கடை எங்க இருக்கு, யாராவது காட்டுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உன் அப்பாவைக் கேள்.

எல்லோரும் கண்ணை இடுக்கித் தேடினார்கள். உருளைக்கிழங்குக் கடை அவுரேலியாதான் முதலில் கத்தினாள், "அடியே, நாய்க்குக்கூட இடம் இருக்கு, நமக்கு இல்லையே!" சிரிப்பு கிளம்பிச் சட்டென்று அடங்கியது. நிக்கோலாசாவின் கொட்டை எழுத்துப் பேனாவை வாங்கிக்கொண்டு திரைக்குப் போய், என் கடை இன்று இருக்கிற இடத்தில், ஒரு நெட்டையனின் தொப்பைமேலேயே ஒரு கட்டம் போட்டு 'சூப்' என்று எழுதினேன். அவுரேலியா வந்து அவள் கடையை வரைந்தாள். பாலாடைக்கட்டிக்காரி, மூலிகைக்காரி, செருப்புத் தைப்பவர், ஒவ்வொருவராக வந்தார்கள். "அது நகராட்சிச் சொத்து, தள்ளிப் போங்க!" என்று இன்ஜினியர் ஆத்திரத்தில் இயந்திரத்தை அணைத்துவிட்டார். கண்ணாடியும் மரமும் நாயும் போய்விட்டன மகளே, திரையில் நம் கடைகள் மட்டும் இருந்தன. அன்று ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, வேண்டாம் என்று அரங்கமே கை தூக்கியது.

தூக்கிய கைகளை ஒன்றும் செய்ய முடியாமல் நகராட்சிக்காரர்கள் இப்போது நாங்கள் கிறுக்கிய திரையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் எல்லோரையும் தூண்டிவிட்டேன், அதற்காக வருந்துகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் கடை உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். திரை வேண்டுமென்றால் நல்ல துணியாக வாங்கித் தைத்துத் தருகிறேன். வருந்துகிறேன் என்று எப்படி எழுதுவேன், வருத்தமே இல்லையே! சனிக்கிழமை விடிகாலையில் வழக்கம்போல ஆட்டுத்தலையை அடுப்பில் ஏற்றுவேன், பூட்ட வந்தால் என்னையும் உள்ளே வைத்துப் பூட்டட்டும். உன் அப்பாவும் கூட வந்து உட்காருகிறாராம், "சூப்பு ஆறதுக்குள்ள பூட்டச் சொல்லு" என்கிறார். கடை போனால் மிலானுக்கு வந்துவிடு என்கிறாயே, உன் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து பனியை எண்ண என்னால் ஆகாது.

அடுத்த மாதம் உன் ஆஸ்பத்திரித் தாதிகள் கூட்டத்தில் நீ பேசப்போவதாகச் சொன்னாய். ஒரே ஒரு படம் போடு, முகங்களைப் பார், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் காத்திரு. பயமாக இருந்தாலும் படத்துக்குப் பின்னால் ஒளியாதே. பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீயும் வேளைக்குச் சாப்பிடு, அப்பாவின் பிறந்தநாளுக்குப் போன் பண்ண மறக்காதே. கார்மென் மாதா உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

அந்தத் தாள் பெறாத கையெழுத்தை உனக்குப் போடுகிறேன்.

உன் அம்மா,
பொர்த்துனாத்தா உவாமானி,
சூப் கடை, நடு வரிசை, சந்தை.