மஞ்சள் விளக்கும் நான் கொடுத்த கடிதமும்

2025 நவம்பர் 2, ஞாயிறு
அரசப்பன் ஆகிய நான், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்றளிப்பவன். என் காரில் எரியும் மஞ்சள் எச்சரிக்கை விளக்கின் காரணத்தை ஐயமற நிறுவவே இதை எழுதத் தொடங்குகிறேன்.
மெக்கானிக் குணாவின் பட்டறையில் பிரேக் வேலை முடிந்த ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0420: புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் சரியாக இயங்கவில்லை.
ஞாயிறு வழக்கப்படி வாசலில் ஆயில் பார்த்தேன். குறைவு. வாரந்தோறும் போல நூறு மில்லி ஊற்றினேன்.

நவம்பர் 4
கன்வெர்ட்டருக்குள் விலைமதிப்புள்ள உலோகம் உண்டு. அதைக் கழற்றிவிட்டுப் போலியை மாட்டுவோரும் உண்டு. வண்டி ஒரு பகல் முழுதும் குணாவிடம் இருந்தது. நேரில் கேட்டேன்.
"அத்த நான் தொடவேயில்ல சார். பொக நீலமா வருது பாருங்க. வண்டிய எங்க நிறுத்தி ஆயில் பாக்குறீங்க?"
பேச்சை மாற்றுகிறான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 5
தொழிற்சாலை வேன்கள் நான்கும் அவனிடம்தான் பழுதுபார்க்கப் போகின்றன. அதை நிறுத்தக் கோரி நிர்வாகத்திற்குக் கடிதம் கொடுத்தேன்.
"அவரு கழட்டுனத நீங்க பாத்தீங்களா?" என்றாள் மனைவி இளமதி.
வேலை முடிந்த ஒன்பதே நாளில் விளக்கு எரிந்தது — அது போதாதா? அவளுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிகிறதா?

நவம்பர் 7
வேன் ஓட்டுநர் தணிகைவேல் வழிமறித்தார். "குணா ஷெட்டுக்கு இனிமே போவாதன்னு சொல்டாங்க சார். இன்னா பண்ணாரு அவரு?"
தெரியாது என்றேன். தெரியாதாம் எனக்கு!

நவம்பர் 8
மீஞ்சூரில் வேறொரு பணிமனை. சோனியா என்ற மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். கன்வெர்ட்டர் வண்டியோடு வந்ததேதான். வரிசை எண் பொருந்துகிறது. போல்ட்டுகளில் பழைய துரு அப்படியே இருக்கிறது. ஸ்பேனர் பட்ட தடமில்லை. எஞ்சினில்தான் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் கூடுதல். மிகுதி எரிந்து, அதன் சாம்பல் கன்வெர்ட்டருக்குள் படிந்திருக்கிறது.
"இன்னா சார், முறுக்கு சுடவா இவ்ளோ ஊத்துனீங்க?"
சிரிக்க முடியவில்லை. ஆயிலைச் சரியான அளவுக்குக் குறைத்துக் கொடுத்தார்.

நவம்பர் 9, ஞாயிறு
சரியான அளவுதான். ஆனால் வாசலில் பார்த்தபோது மறுபடியும் குறைவு.
போன ஆண்டு மழைநீர் புகுந்தபின் வீட்டை உயர்த்தினோம். வாசலில் சரிவு கட்டினோம். அன்றிலிருந்து கார் மூக்கைத் தூக்கிக்கொண்டே நிற்கிறது. சரிவில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஓரத்திற்கு ஓடிவிட்டது. தெருவின் சமதளத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஆயில் அளவுக்குச்சியின் கோட்டில் சரியாக நின்றது.
எதையும் அளக்குமுன் சமதளம் பார் — இருபத்தாறு ஆண்டுகளாக நான் பிறருக்குச் சொல்லும் முதல் விதி. அன்னிக்கே குணா கேட்டாரு, எங்க நிறுத்திப் பாக்குறீங்கன்னு. நான்தான் காதுல வாங்கல.

நவம்பர் 10, திங்கள்
'குணா குற்றமற்றவர், பிழை முழுவதும் என்னுடையது' என்று எழுதி மூன்று பிரதிகளிலும் கையொப்பமிட்டேன். ஒன்றை நிர்வாகத்திடம் கொடுப்பேன். ஒன்றைக் கேன்டீன் பலகையில் ஒட்டுவேன். மூன்றாவதோடு அவர் பட்டறைக்குப் போவேன். அவர் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன்.