மேற்குக் கழனி நெல்

வளவன் அப்பாவுக்கு மணியம்மை கும்பிட்டு எழுதுவது. முட்டி வலி தேவலையா?

அன்று ஆர்.கே.பேட்டைக் கழனி வரப்பில் நின்றவர்கள் நீங்கள், நான், மகன் வளவன், பேத்தி துர்கா, விவசாய ஆபீசரம்மா பிரபாவதி, உங்கள் தம்பி அரசு. எனக்கு எதுவும் மறக்காது.

கதிர் பால் பிடிக்கும்போது ஜிங்க் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் அந்தச் சத்து அரிசியில் ஏறும், துர்கா மாதிரி வளர்த்தி இல்லாத பிள்ளைகளுக்கு நல்லது என்றார் ஆபீசரம்மா. “மூட்டை கூடுமாம்மா?” என்று கேட்டீர்கள். “கூடாதுங்க, சத்துதான் கூடும்” என்றதும் எல்லாரும் சிரித்தீர்கள். நான்தான் அடம்பிடித்து மேற்குக் கழனியில் தெளிக்க வைத்தேன்.

நேற்று ஆபீசரம்மா எனக்குப் பெங்களூருக்கே போன் செய்தார். சோதனையில் மேற்குக் கழனி நெல்லில் சத்து கூடியிருக்கிறதாம். “ஆங், சொல்லும்மா” என்று கேட்டுகினு நின்றதில், வேலை செய்யும் வீட்டுப் பால் பொங்கிக் கையில் கொஞ்சம் பட்டது. பயப்படாதீர்கள்.

அந்த நெல்லை மற்றதோடு கலக்க வேண்டாம். மில்லில் வெள்ளையாகத் தீட்டவும் வேண்டாம். துர்காவுக்கு அதையே பொங்கிப் போடுங்கள். அவள் உயரத்துக்குக் கதவில் கோடு போட்டு வையுங்கள், பொங்கலுக்கு வந்து பார்க்கிறேன். எனக்கும் ஒரு படி அரிசி பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். இங்கே தனியாகத் தின்கிற சோறு தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டம்மா கூப்பிடுகிறார். சிரித்த உங்களையெல்லாம் விட்டுவிட்டேன். ஆனால் குழந்தையைப் பயிருக்குப் பக்கத்தில் நிறுத்தி, “அண்ணி, நெல்லுதான் ஒசரமா கீது பாரு” என்றவனை மன்னிக்கவே மாட்டேன். அது உங்கள் தம்பி அரசு.