கேட்காமல் விட்ட தூரம்

பாரிஸ்
5-10-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் கண்ணகி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள். மீனம்பாக்கத்தில் ஏறி, பம்பாயில் விமானம் மாறி, கெய்ரோவில் இறங்கி, இங்கே வர ஒன்றரை நாள் ஆயிற்று. ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டராம். காது இன்னும் அடைத்தே இருக்கிறது. நர்ஸ் படிப்பு அடுத்த வாரம் தொடங்குகிறது.

ஆனால் மனசு ஆறவில்லை அப்பா. என்னோடு வந்த காரைக்கால் பெண்ணை, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், எப்போது திரும்புவாய் என்று அவள் அப்பா துளைத்தெடுத்துவிட்டார். நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. வாயில் துண்டை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றீர்கள். குப்பத்துப் பெண்ணைத் தனியாகச் சீமைக்கு அனுப்புகிறான் என்று ஊர் பேசியது உங்களைச் சுட்டுவிட்டதா? என்னால் உங்களுக்கு வெட்கமா? அப்படியென்றால் மறைக்காமல் எழுதுங்கள். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். உங்களுக்குத் தலைகுனிவு தந்து எனக்கு ஒரு படிப்பு வேண்டாம்.

உங்கள் மகள்,
கண்ணகி

*

வைத்திக்குப்பம், புதுச்சேரி
20-10-1958

என் தங்கம் கண்ணகிக்கு அப்பா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல நம்ம பக்கத்து வீட்டு முருகையன் எழுதுகிறான். நடுவில் திருத்துவான், கண்டுகொள்ளாதே.

அடி அசட்டுப் பெண்ணே, பள்ளிக்கூடம் போய் வீட்டு வழக்கத்தை மறந்துவிட்டாயா? கடலுக்குப் புறப்படுகிறவனை எவ்வளவு தூரம் போகிறாய், எப்போது வருவாய் என்று நம் வீட்டில் யாராவது கேட்டதுண்டா? உன் அம்மா என்னை ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா? கேட்டால் போனவன் திரும்பமாட்டான் என்று பயம். நீயோ காற்றிலேயே போகிறவள். வாய் தவறிக் கேட்டுவிடுவேனோ என்றுதான் துண்டை வைத்து அடைத்துக்கொண்டேன்.

இப்போதுதான் கரை சேர்ந்துவிட்டாயே, எல்லாம் கேட்பேன். ராத்திரியில் எப்படி வழி கண்டுபிடித்தார்கள்? எதிர்காற்று அடித்ததா? பாதிரியார் பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையில் வலைநூலை வைத்து அளந்து பார்த்தேன். அம்மாடி! முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், கரை கண்ணுக்கு மறைந்தாலே மீசையை முறுக்குவேன். நீ ரெண்டு கடலைத் தாண்டியிருக்கிறாய். அந்த நூலை மீன் அங்காடி வரைக்கும் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். "போதும்யா, அந்தத் துண்ட மறுபடியும் வாயில வெச்சிக்க" என்கிறாள் உன் அம்மா.

ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தர் உன்னைப் பற்றி இளக்காரமாகப் பேசினார். நான் எழுந்தேன். "எம் பொண்ணு போன தூரத்த இங்க ஒருத்தனும் போனதில்ல. போயிட்டு வந்து பேசுங்க" என்றேன். முருகையன் இதை எழுத வேண்டாம் என்றான். எழுதுடா என்றேன். திரும்பி வருகிறேன் என்று இன்னொரு முறை எழுதினாயானால் அதுதான் எனக்குத் தலைகுனிவு.

அப்பா,
பாலகுரு

*

பாரிஸ்
8-11-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு சிரித்தேன். காரைக்கால் பெண் பயந்துவிட்டாள். படித்து முடித்துத்தான் வருவேன் அப்பா. ராத்திரியில் வழி கண்டுபிடிப்பதை விசாரித்து எழுதுகிறேன்.

ஒரு சேதி. நான் படிக்கும் ஆஸ்பத்திரியில் ஆளைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கல்யாணமாகாத பெண்ணென்றால் முன்னால் 'மத்மசேல்' சேர்ப்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பதிவு செய்த அம்மாள் உங்கள் பெயரை எழுதிக்கொண்டாள். அதனால் கண்ணகி என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. பெரிய டாக்டர் முதல் படுக்கையில் கிடக்கும் கிழவர் வரை, காலையிலிருந்து மாலை வரை, மாடி மாடியாக "மத்மசேல் பாலகுரு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து நின்று, "இருக்கிறேன்" என்கிறேன்.

உங்கள் மகள்,
பாலகுரு கண்ணகி