மோர் நிற டெக்

மே 29, சனி

காலை எட்டரைக்கே சுள்ளென்று வெயில். மொட்டை மாடியில் ப்ளைவுட் துண்டு நான்கு, வரிசையாக. வெள்ளை, பளபளப்பு. வெள்ளை, மேட். நீலம், பளபளப்பு. மோர் நிறம், பாதி மேட்.

மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் ஏறி நின்று பார்த்தது:
பளபள வெள்ளை – கண் கூசுகிறது. ஏரியில் தண்ணீர் பளபளப்பது போதாதா.
மேட் வெள்ளை – சுடவில்லை. ஆனால் அழுக்கு ஒட்டினால் போகாது. நம் ஏரித் தண்ணீருக்கு ஒரே வாரத்தில் சாக்கடை நிறம் வந்துவிடும்.
நீலம் – இரண்டு விநாடி. குதித்து இறங்கினேன். தோசைக்கல்.
மோர் நிறம் – கண்ணுக்கும் சுகம், காலுக்கும் சுகம்.

ஆக மோர் நிறம். படகு வாங்கி ஒன்பது வருடத்தில் டெக்குக்கு, அதாவது படகின் மேல்தளத்துக்கு, நானே நிறம் முடிவு செய்வது இதுதான் முதல் தடவை. படகு எனக்கும் டேனிக்கும் பொது. டேனி என் மனைவி ஜெயாவின் தம்பி, மாதாப்பூரில் சாஃப்ட்வேர். இரண்டு பேர் ஓட்டும் பழைய பாய்மரப் படகு. ஒன்பது வருடமும் பின்னால் சுக்கான் அவன் கையில், முன்னால் சின்னப் பாயின் கயிறு என் கையில். ஈஸ்டர் அன்று பிரியாணித் தட்டோடு எல்லார் முன்னாலும் சொன்னான்: “இந்தத் தடவ ஜூலை ரேஸ்ல சுக்கான் அத்தானுக்கு. நான் முன்னால இருக்கேன்.” ஜெ. கைதட்டினாள். மகள் பியூலாவும் தட்டினாள்.

ஐம்பத்து நான்கு வயதில் இதற்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்கே வெட்கம். ஆனால் சந்தோஷம்தான்.

மாலை மணல் சலித்தேன். கால் வழுக்காமலிருக்க பெயிண்டில் தூவ வேண்டும். ஜெ. பார்த்துவிட்டாள். “டீ வடிகட்டில மண்ணச் சலிக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?” புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். “ஆமா, போன வருஷம் இட்லித் துணிக்கும் இதத்தான் சொன்னீங்க.”

மே 30, ஞாயிறு

கோயில் முடிந்து நேராக ஏரிக்கரைப் படகு கிளப். காற்று இல்லை. ஏரி நாறுகிறது.

டெக் தேய்த்தாயிற்று, ப்ரைமர் ஆயிற்று. இன்று கால் வரைந்தோம். படகு வாங்கிய நாளிலிருந்து எங்கள் வழக்கம்: பெயிண்டுக்கு முன் ஒருவர் தன் இடத்தில் உட்கார்ந்து காலை ஊன்ற, மற்றவர் சாக்பீஸால் சுற்றி வரைவது. கோட்டுக்கு உள்ளே மட்டும் மணல் பெயிண்ட், வெளியே வழவழப்பு. மொத்த டெக்கிலும் மணல் போட்டால் முட்டி தேய்ந்து ரத்தம் வரும். போடாமலே விட்டால் ஏரியில் விழ வேண்டியதுதான்.

நான் பின்னால் உட்கார்ந்தேன். டேனி மண்டிபோட்டு என் காலை வரைந்தான். என் கால் ஏழாம் நம்பர், குட்டை, அகலம். அவன் கால் பத்து. அவன் பழைய இடத்துக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது என் கோடு. பிறகு முன்னால் அவனை உட்கார வைத்து நான் வரைந்தேன். ஆறடி ஆள் அங்கே மடங்கி உட்கார்ந்தது பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அவன் சிரிக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படகுக் கொட்டகை யாதகிரி வந்து எட்டிப் பார்த்தான். “சார் பீச்சே?” என்று கேட்டு டேனியைப் பார்த்தான். ஹவ், ஆமாம், இந்த வருஷம் நான்தான் பின்னால் என்றேன். யாதகிரி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வழக்கமாக அரைமணி நேரம் வாயடிக்காமல் நகர மாட்டான்.

ஜூன் 1, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து ராணிகஞ்ச் பெயிண்ட் கடை. வாங்கியவை: இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பெயிண்ட், தின்னர், பிரஷ் 2, ஒட்டு டேப் 4 சுருள், டீ வடிகட்டி 1.

கடைக்காரன்: “கைக்கு சாப் இத்னா? எனாமல் லேலோ.” எதற்கு இவ்வளவு, சாதா எனாமல் போதுமாம். இருபத்திரண்டு வருடமாக ஃபேக்டரி பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவனிடம் சொல்கிறான். எனாமல் ஒரு மழைக்கு உரியும். இது பிடித்தால் பிடித்ததுதான், பிறகு மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒழிய வராது.

இரவு டேனி போன். “அத்தான், டெக்குக்கு ப்ளூ போடலாமா? போட்டோல நல்லா இருக்கும்.” இவனுக்கு எப்போதிலிருந்து நிறம் பற்றி அபிப்பிராயம்? காலுக்குச் சுடும் மாப்ளே என்று விளக்கினேன். “சரி சரி, உங்க இஷ்டம்” என்று வைத்துவிட்டான்.

பியூலா பக்கத்திலேயே இருந்தாள், புத்தகத்தோடு. “அப்பா, பெயிண்ட் ட்ரை ஆக எத்தன டேஸ்?” தொட ஒரு நாள், மிதிக்க மூன்று நாள், கெட்டியாக ஏழு நாள். எதுக்குடி? “ஜஸ்ட் அடிகானு.” சும்மா கேட்டாளாம். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பது இவளுக்குப் பழக்கம்.

ஜூன் 3, வியாழன்

மணலில் பொடி நல்லதா, பரும்படி நல்லதா? எனக்குக் காலில் தோல் தடித்துவிட்டது, தெரியவில்லை. பியூலாவை மாடிக்குக் கூப்பிட்டேன். இரண்டு துண்டிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஏறச் சொன்னேன். ஏறினவள் தானாகவே பின்னால் சாய்ந்தாள். குதிகால் ஊன்றி, விரல் மேலே தூக்கி. படகில் காற்றுக்கு எதிராகச் சாய்வது போல அச்சாக. எங்கே கற்றாய் என்றேன். “டிவில சூசா.” டிவியில் பார்த்தாளாம்.

பொடி மணல்தான் நல்லது என்றாள். ஈரக் கால் தடம் சிமெண்டில் கொஞ்ச நேரம் இருந்தது. இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருக்கும், பிறவியிலேயே. பிறந்தபோது நர்ஸம்மா காட்டிய அதே விரல். பதினாறு வயதாகிவிட்டது.

முழங்காலில் கன்றிப்போன நீலம். கேட்டேன். கெமிஸ்ட்ரி லேபில் ஸ்டூல் இடித்ததாம்.

ஜூன் 5, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டாலும் தூக்கம் வராது.

டேப் ஒட்டத் தனியாகப் போனேன். டேனி, ஆபீஸ் போன் மீட்டிங் இருக்கிறது, வர முடியாது என்றான். கொட்டகையில் படகைத் திறந்து பார்த்தால் சாக்பீஸ் கோடு நான் விட்டுவிட்டு வந்தது இல்லை. பின்னால் என் குட்டைக் காலைத் துணியால் துடைத்து அழித்திருக்கிறார்கள், ஒரு சாண் தள்ளிப் பத்தாம் நம்பர் கால். முன்னால் சின்ன ஜோடி. இடதில் ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறி.

நர்ஸ் காட்டித் தெரிய வேண்டியதில்லை.

படகில் என் கால் எங்குமே இல்லை.

யாதகிரியைக் கேட்டேன். அவனுக்குச் சங்கடம். பிறகு சொன்னான், அவனுடைய கலப்பட பாஷையில்: ஏப்ரலிலிருந்து செவ்வாய், வெள்ளி காலேஜ் விட்டதும் பாப்பா வருகிறாள், டேனி சார் சொல்லித் தருகிறார், மேடம் ஆட்டோவில் கொண்டுவந்து விடுகிறார்கள். “பாப்பா அச்சா சலாதீ சார், சச்சீ.” நன்றாக ஓட்டுகிறாளாம். போர்டைக் காட்டினான். ஜூலை ரேஸ் பெயர் பட்டியல். சுக்கான் டேனியல். முன்னால் பியூலா. தேதி பார்த்தேன். பெயர் கொடுத்தது மே 24.

அதாவது பிரியாணித் தட்டோடு சொன்ன வாக்கு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கால் வரைந்த அன்றே பெயர் போர்டில் இருந்திருக்கிறது. மண்டிபோட்டு என் காலை வரைந்தானே, விரல் விரலாக.

கோடு மாறியதை நான் கவனிக்க மாட்டேன் என்று வேறு நினைத்திருக்கிறான். தலைமுடி அளவு கீறலுக்கு லாட்டையே திருப்பி அனுப்புகிறவன் நான்.

டேப் ஒட்டாமல் வந்துவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஜெ. போனில், தம்பியிடம்:
“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுடா… ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு கிடைக்கணும்னா இந்த வருஷமே சர்டிபிகேட் வேணும்லா, அடுத்த வருஷம் வந்து என்னத்துக்கு ஆகும்?… இப்பச் சொன்னா மூஞ்சியத் தூக்கிட்டு பெயிண்ட அப்படியே போட்டுருவாங்க. அடிச்சு முடிக்கட்டும். பெறகு நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்.”

அடிச்சு முடிக்கட்டும்.

திரும்ப செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் சைனிக்புரி முழுக்க இரண்டு சுற்று நடந்தேன். முட்டி வலி.

ஜூன் 6, ஞாயிறு

கோயிலில் நால்வரும் ஒரே பெஞ்ச். டேனி கை குலுக்கினான். “அத்தான், பெயிண்ட் எப்ப?” செவ்வாய் லீவு போட்டிருக்கேன் மாப்ளே. “சூப்பர்.” இருவர் முகத்தையும் பார்த்தேன். அக்காவும் தம்பியும் பாட்டுப் புத்தகத்தில் கண்ணாக இருந்தார்கள்.

இடித்தவள் புடைத்தவள் இங்கே இருக்க எட்டிப் பார்த்தவள் கொட்டிக்கொண்டு போனாள் என்பார்கள். ஆனால் எட்டிப் பார்த்தவள் என் பெண். அவளை என்னவென்று திட்டுவது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? பெரிய மனிதனாட்டம் ஆமாம் என்று எழுதலாம். யாரும் படிக்கப் போவதில்லை, எதற்குப் பொய். கொடுத்திருக்க மாட்டேன். ஒரு வருஷம் முணுமுணுத்திருப்பேன். ஜெயாவுக்கு அது தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்து என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதை இதற்குப் பயன்படுத்தியிருக்கிறாள். சுக்கான் போனதைவிட அதுதான் எரிகிறது.

அதைவிட இன்னொன்று. ப்ளைவுட், மணல், வெயிலில் நின்றது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஜெ. வடிகட்டிக்குச் சண்டைகூடப் போட்டாள்.

மாலை பியூலா டீ கொண்டு வந்தாள். கேட்காமலே. “அப்பா…” என்ன? “நத்திங்.” டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். புது வடிகட்டி டீ, நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 7, திங்கள்

மேகம். மழை வந்துவிட்டால் ஈரத்தில் பெயிண்ட் பால்போல வெளுக்கும். ஃபேக்டரியில் மூன்று பேனல் ரிஜெக்ட். மூன்றாவது நியாயமாகப் பாஸ் செய்திருக்க வேண்டியது. பெயிண்டர் ரெட்டி, “சார்க்கு இவ்வாள ஏமைந்தி?” என்றான், இன்று என்ன ஆச்சு என்று. ஒன்றுமில்லை என்று சொல்லிப் பேனலைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அடிக்காமலே விட்டுவிடலாம். எனாமலைப் பூசிவிட்டு வரலாம், ரேஸுக்குள் உரிந்துவிடும். முன்பக்கம் மணலே தூவாமல் விட்டால் என்று ஒரு நினைப்பு, அரை விநாடி. அரை விநாடி வந்ததற்கே என் கன்னத்தில் நானே அறைய வேண்டும். அவள் நீச்சல் சுமார்.

ஜூன் 8, செவ்வாய்

ஏழு மணிக்குக் கொட்டகை. மேகம் இருக்கிறது, மழை இல்லை. யாதகிரியிடம் கதவைச் சாத்தச் சொன்னேன், தூசி படக்கூடாது.

முன்னால்: அவள் காலைச் சுற்றி டேப். சுண்டுவிரல் வளைவில் டேப் நிற்கவில்லை, பிளேடால் கீறிக் கீறி ஒட்டினேன். பொடி மணல், இரண்டு கோட்டிங்குக்கு நடுவில் இரண்டு தடவை தூவல். காய்ந்த பிறகு யானை தள்ளினாலும் அங்கே கால் வழுக்காது. நிறம் மோர்தான். நீலம் கேட்டது அவளாகத்தான் இருக்கும். என்ன கோபமிருந்தாலும் நீலம் சுடும்.

பின்னால்: பத்தாம் நம்பர் கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு சாண் முன்னால் நானே உட்கார்ந்து, நானே குனிந்து, என் காலை வரைந்துகொண்டேன். முட்டி உயிர் போனது. கோடு கோணல், பரவாயில்லை. உள்ளே மணல்.

டேனி கால் வைக்கிற இடம் முழுக்க வெறும் பெயிண்ட். வழுவழு. அடித்துவிட்டு விரலால் தடவிப் பார்க்க ஆசை, ஈரம், தடவவில்லை.

யாதகிரி பார்த்தான். முதலில் முன்னால், பிறகு பின்னால். “அரே சார்” என்றான். பிறகு சிரிப்பை அடக்க வெளியே போனான்.

‘மிதிக்காதே, ஏழு நாள்’ என்று அட்டை எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன். போர்டில் பெயர் மாற்ற கடைசி நாள் பதினைந்து என்று போட்டிருக்கிறது. இன்றோடு சரியாக ஏழு நாள்.

வீட்டில் ஜெ. வாசலிலேயே. கை நிறைய பெயிண்ட், அதைப் பார்த்துவிட்டு டர்பெண்டைன் எடுத்து வந்தாள். “முடிஞ்சுட்டா? எப்படி வந்துருக்கு?”

நல்லாப் பிடிச்சிருக்கு, இனி தேய்ச்சாலும் போகாது என்றேன்.