பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர்கள்

தோழி,

இன்று காலை கல்லூரியில் கணினியைத் திறந்தபோது உனக்கும் எனக்குமாகச் சேர்த்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பட்டாசுத் தொழிலாளர்களின் சிறுநீரகம் பற்றி நாம் எழுதிய கட்டுரையை வைத்து, மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி தயாரிக்கிறார்களாம். மூலத் தரவுகளை நாளைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். அந்தக் கட்டுரை தப்பு என்று நம் இருவருக்கும்தான் தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இணையத்தில் உன் கட்டுரைகளின் பட்டியலைத் திறந்தேன். அதை நான் ஓயாமல் பார்ப்பது உனக்குத் தெரியும். "ஏட்டி, அடைகாக்குற முட்டைய எண்ணுற மாதிரி எண்ணிக்கிட்டே இருக்கியே!" என்பாய். சிறுநீரகக் கட்டுரைகளை யார் யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், நம்முடையதை எல்லாவற்றையும் விட அதிகமாக. நீ எழுதிய மெய்யியல், அதாவது தத்துவக் கட்டுரைகளைச் சீந்த ஆளில்லை. காலையில் டயாலிசிஸ் வார்டு, மாலையில் மெய்யியல் என்று நீ கிடந்ததை நான் வேலையற்ற வேலை என்றேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

தாயில்பட்டியில் நீ ரத்தம் எடுத்தாய், புள்ளியியல் ஆசிரியையான நான் கணக்குப் போட்டேன். சில மாத இடைவெளியில் இரண்டு முறை எடுத்தோம். இரண்டு முறையும் பலருக்கு ரத்தத்தில் உப்பு, அதாவது கிரியாட்டினின், ஏறியிருந்தது. நாள்பட்ட நோய் என்று எழுதினோம், பெயரும் வாங்கினோம். அப்புறம் ஒரு நாள் அங்கே போனபோது, நிறையத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளிடம் கேட்டாய்.

"மத்த நாளு குடிப்போம். ரத்தம் எடுக்கன்னா வெறும் வயித்தோடதான வரணும்? சுகர் முகாமுல அப்படித்தான சொன்னாக. நீங்க வந்த ரெண்டு தடவையும் அம்புட்டுப் பேரும் பச்சத்தண்ணி பல்லுல படாமத்தான் வந்து நின்னோம்."

பெருமையாகத்தான் சொன்னாள். நம் வண்டி இரண்டு முறையும் உச்சி வெயிலில்தான் போய்ச் சேர்ந்தது. முந்தின நாள் பொழுதடைந்ததிலிருந்து தண்ணீரே குடிக்காமல் காத்து நின்றவர்களுக்கு உப்பு ஏறாமல் என்ன செய்யும்?

திரும்பும்போது வெம்பக்கோட்டை அணைப்பக்கம் வண்டியை நிறுத்தினாய். "கட்டுரையத் திரும்ப வாங்கிருவோம்டி" என்றாய். அடுத்த மாதம் எனக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். காட்டுவதற்கு அந்தக் கட்டுரையை விட்டால் வேறில்லை. "உனக்கென்ன, பேர் கெட்டாலும் நோயாளி வருவாக. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. கொஞ்சம் பொறு!" என்று கத்தினேன். நீ வண்டியை எடுத்தாய்.

பதவி கிடைத்தது. அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. ஒரு நாள் வார்டிலேயே மாரடைத்துச் சரிந்தாய். உன் காலடியில் நின்று அழுதபோது, இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நிம்மதியும் வந்தது. எத்தனை கேவலமானவள் நான்.

பதில் எழுதத் துணிவில்லாமல், இன்று உன் கடைசி மெய்யியல் கட்டுரையைப் படித்தேன். மருத்துவர் செய்த பிழையை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். எந்த உடம்பைத் தொட்டோமோ அந்த உடம்புக்கு உரியவரிடம் என்று பதிலும் எழுதியிருந்தாய். மத்தியான வகுப்பை விட்டுவிட்டுத் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். இல்லாத நோய்க்கு யாராவது மாத்திரை தின்றுகொண்டிருந்தால்? கிட்னி போனவள் என்று கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்?

பேச்சியம்மாள் வேலை முடிந்து வந்து, முழங்கை வரை ஒட்டியிருந்த பட்டாசு மருந்துத் தூளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக? டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாகளே! ஞாயித்துக்கிழமதோறும் வந்து, தண்ணி குடிக்க வச்சு, எல்லாருக்கும் திரும்ப ரத்தம் எடுத்தாக. ரெண்டு பேருக்குத்தான் நெசமாவே கோளாறு. அவுகளுக்கு வைத்தியமும் பாத்தாக."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"ஒங்க வேலைக்கு ஆபத்தாயிரும்னாக. அவ ஒரு நா தானா வந்து சொல்லுவா, அதுவரைக்கும் வெளிய பேசாதீகன்னு கேட்டுக்கிட்டாக. நாங்களும் எப்ப வருவீகன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சிவகாசிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும், காலையில் மின்னஞ்சல் அனுப்பியவருக்கும் எழுதிவிட்டேன். எங்கள் முடிவு தவறு, காலம் கடத்தியது நான் என்று ஒப்புக்கொண்டேன். உன் மெய்யியல் கட்டுரையையும் அதில் மேற்கோள் காட்டினேன். பதவி போனால் போகட்டும்.

ஆனால் பேச்சியம்மாள் சொன்னதை மட்டும் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நான் வருவேன் என்று அத்தனை பேரிடமும் எதை நம்பிடி சொன்னாய்?