பெரியவளின் அலமாரியில் உன் கல்யாண உடுப்பு

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. நீ சுகமாக இருப்பாய், காதை மூடிக்கொண்டுதான் குளிரில் வெளியே போவாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். உடம்பளவில் என்று ஏன் சொன்னேன் என்பது போகப்போகத் தெரியும்.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதியவை. இது முழுக்க முழுக்க என்னுடையது. காலையில் உட்கார்ந்தேன், மதியச் சாப்பாடும் ஆகிவிட்டது, இன்னும் முதல் பக்கத்திலேயே இருக்கிறேன், இருந்தாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் எழுந்து நின்று தள்ளி வைத்துப் பார்க்கிறேன், புதுச் சுவரைப் பார்ப்பதுபோல. வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் அடித்த கை அல்லவா, பேனாவையும் பிரஷ் மாதிரிதான் பிடிக்கிறது. அந்தக் காலத்தில் டப்பா மூடியில் இருக்கும் நிறப் பொட்டைப் பார்த்துத்தான் வேலை செய்தேன், எழுதியிருப்பது என்னவென்று தெரியாது. இப்போது பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட் என்று ஒன்றையும் விடுவதில்லை. நேற்று சோப்பு உறையை வைத்துக்கொண்டு நின்றேன், வாசிச்சது போதும், அதைப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க என்றாள் உன் அம்மா. இத்தனை சந்தோஷத்தையும் எனக்குக் கொடுத்தவள் உன் அக்கா. தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து முதலில் எனக்குக் கண்ணாடி கொண்டுவந்தாள், அப்புறம் தினமும் வேலை விட்டு வந்த களைப்போடு பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குத்தான் நான் அப்படிச் செய்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

உன் கல்யாண உடுப்பு வாங்கப் போனோம். நீ போனில், இங்கே கடைகளில் எல்லாம் தோளைத் திறந்து வைத்துத்தான் தைக்கிறார்கள், பனிக்காலத்தில் திறந்த வெளியில் அதைப் போட்டுக்கொண்டு பல்லடிக்க நிற்க முடியாது, அம்மா தொட்டுப் பார்த்து வாங்கினால்தான் எனக்குப் பிடிக்கும், அக்காவுக்குச் சரியாக இருந்தால் எனக்கும் சரியாக இருக்கும் என்று சொன்னாய் இல்லையா. அதன்படியே முழுக்கை, கழுத்து மூடியது, உள்ளே கனமான லைனிங் கொடுத்தது என்று கேட்டோம். கடைக்காரம்மா ஒரு மேசை நிறைய எடுத்துப் போட்டார். எல்லாம் வெள்ளை. எனக்கு வெள்ளையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா. இது சுண்ணாம்பு வெள்ளை, இது பால் வெள்ளை, இது நீலம் கலந்தது, பனி கொட்டிக் கிடக்கிற இடத்தில் நீலம் கலந்ததைப் போட்டால் பெண் காய்ச்சலில் எழுந்து வந்தவள் மாதிரி இருப்பாள், ஒரு சொட்டு மஞ்சள் விழுந்த வெள்ளைதான் முகத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்று ஆரம்பித்துவிட்டேன். துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டினேன். வேறு வேறு குடும்பத்தார் எல்லாம் தங்கள் துணியையும் கொண்டுவந்து ஐயா இது எப்படி என்று கேட்டார்கள். நீங்க எங்க கடைக்கே வேலைக்கு வந்துடுங்க ஐயா என்றார் கடைக்காரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் நாற்காலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, போதும் வாங்க என்று கண்ணாலேயே சொன்னாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் உன் அக்கா உடுப்பைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். உனக்கு எப்படிச் சொல்வது, கடையில் பேச்சு நின்றுவிட்டது. வேலைக்குப் போகும்போது இறுக்கி முடிந்து வைத்திருக்கும் கூந்தலை எதற்கோ அவிழ்த்து விட்டிருந்தாள். முழு உயரக் கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கை நுனியை இழுத்து விட்டுக்கொண்டாள். சின்ன வயதில் அவள் போட்டுக் கழித்ததைத்தான் நீ போட்டுக்கொள்வாய், இப்போது நீ போடப்போவதை அவள் முதலில் போட்டுப் பார்த்தாள். கடைக்காரம்மா என்னிடம், பொண்ணுக்கு அப்படியே அமைஞ்சிருக்கு, கல்யாணம் எப்போ ஐயா என்று நல்ல மனதோடுதான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. ஐயோ, இவளுக்கு இல்லைம்மா, கல்யாணம் சின்னவளுக்கு, இவ சும்மா அளவுக்கு வந்திருக்கா, உங்க கடை வாசல்ல நிக்குதே பொம்மை அது மாதிரி என்று சொன்னேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததால் அதைப் பெரிய ஜோக் என்றே நினைத்துக்கொண்டேன். கடைக்காரம்மா மடிப்புக்குக் குண்டூசி குத்தி முடித்ததும், இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக்கிட்டு இருக்கேனேப்பா, நடந்தா எப்படி இருக்குன்னு பார்க்கலாம் என்று உன் அக்கா மெதுவாகக் கேட்டாள். கழட்டும்மா, அழுக்காயிடும், அடுத்தவங்க போடப்போறது என்றேன். திரைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கூந்தலைப் பழையபடி இறுக்கி முடிந்திருந்தாள்.

திரும்பி வரும்போது உன் அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. வீட்டுக்கு வந்து, மூத்தவ இருக்க சின்னவளுக்குக் கல்யாணம்னு அவளைப் பார்த்து ஊர்ல யாரும் வாய்விட்டுச் சொல்லாததை நீங்க சொன்னீங்க என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, விளையாட்டுக்குச் சொன்னதைப் போய் என்று எதிர்ப்பேச்சுதான் பேசினேன். தைத்து முடித்த உடுப்பை வாங்க நான் மட்டும் போனேன் பார், அங்கேதான் உறைத்தது. கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே, எங்கே ஐயா உங்க பொம்மை வரலையா என்று கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் வைத்த பெயர்தானே. அந்த வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு முகம் எரிந்தது. பொம்மை இல்லைம்மா, அது என் மூத்த பொண்ணு, எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவ என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் திகைத்துப்போய் பையை நீட்டினார். என்ன பிரயோஜனம், அன்றைக்குச் சிரித்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. கேட்க வேண்டியவளும் இல்லை.

அவள் கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாக இருக்கும். டீ கொடுக்கிறாள், கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கிறாள். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டால் மட்டும், உங்களுக்குத்தான் எல்லாம் வந்துடுச்சேப்பா என்று எழுந்து போய்விடுகிறாள். வீட்டில் அவள் அலமாரிதான் உயரம், அதனால் உன் உடுப்பு அதில்தான் தொங்குகிறது. காலையில் வேலைக்குப் போகத் தன் துணியை எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எடுக்கிறாள், கசங்காமல் ஒதுக்குகிறாள். கதவு வழியாகப் பார்த்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று உனக்குச் சொல்லியிருப்பாள். நம்பாதே, கோபப்படவும் செய்யாதே. தேதி தெரிந்த அன்றைக்கே லீவு வாங்கியவள் அவள். வராமல் போனால் அதற்குக் காரணம் உன் அப்பனின் வாய். நீ போன் செய்து அக்காவைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நான் செய்த கோளாறு, நான்தான் சரிசெய்ய வேண்டும். நேரில் சொல்லலாம் என்று அவள் முன்னால் போய் நிற்கிறேன், கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். கடையில் அப்படி அவிழ்ந்து கொட்டிய வாய், வீட்டில் பூட்டிக்கொள்கிறது. அவள் கொடுத்த எழுத்து இருக்கிறதே என்றுதான் உட்கார்ந்தேன்.

உடுப்பு விஷயம் சொல்லிவிடுகிறேன். நீ தடித்த அடியுள்ள ஷூதான் போடுவாய் என்று உடுப்பைக் கீழே கொஞ்சம் நீளமாக விடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொள், யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவரிடம் இதையெல்லாம் காட்ட வேண்டாம், மாமனாரைப் பற்றி அவர் நிதானமாகத் தெரிந்துகொள்ளட்டும். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நாலு பேர் முன்னால் விளையாட்டுக்குக்கூடக் குறைத்துப் பேசாமல், குளிரிலும் வெயிலிலும் சேர்ந்தே நன்றாக இருங்கள். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தது.

ஒன்றை மறந்துவிடாதே. உன் ஊர் எழுத்து எனக்கு இன்னும் தெரியாது, உறையின் மேல் முகவரி எழுத அக்காவிடம்தான் கொடுக்க வேண்டும். ஒட்டாமல் கொடுக்கப்போகிறேன். ஆகவே கிழித்த உறையைத் தூக்கிப் போடாமல் மேலே உள்ள கையெழுத்தைப் பார். அழகாக, நேர்வரியாக இருந்தால் அவள் எழுதியது, உள்ளே இருப்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதினாள் என்று அர்த்தம். கோணல்மாணலாக இருந்தால் நீ அனுப்பிய பழைய உறையில் இருக்கும் முகவரியைப் பார்த்து நான் வரைந்தது. எதுவாக இருந்தாலும் அன்றைக்கு அவளுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வை, அதில் வேறு யாரையும் உட்கார விடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா